பழைய லென்சுக்கு எந்த பிளாஷ்?



காதுகுத்து, வளைகாப்பு, மஞ்சள் நீராட்டு என்று மலைக்கிராமங்களில் படம் எடுக்கும் தொழிலுக்கு உள்கடன் கேட்கும் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். பிலிம் காலத்து லென்ஸ் கையில் இருக்கும், டிஜிட்டல் கேமராவும் செகண்ட் ஹேண்டில் கிடைத்துவிடும். பிளாஷில்தான் ஏமாந்து போகிறோம். "மாட்டினா எரியுதுல்ல, அப்புறம் என்னம்மா?" என்பார் கடைக்காரர். எரிவது வேறு, பொருந்துவது வேறு.

முதலில் வோல்டேஜ். 1970-களில் வந்த விவிடார் 283 போன்ற பழைய பிளாஷ்கள் சிலவற்றில், கேமராவைத் தொடும் முனையில் 200 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். அக்காலத்துக் கேமரா அதைத் தாங்கியது. டிஜிட்டல் கேமராவில் சில 250 வோல்ட் வரை தாங்கும், சில 6 வோல்ட்டுக்கு மேல் தாங்காது. உங்கள் கேமராவின் கையேட்டில் பாருங்கள். பிளாஷைக் கேமராவில் மாட்டாமலே சார்ஜ் ஏற்றி, நடு முனையிலும் ஓர விளிம்பிலும் மல்டிமீட்டர் வைத்தால் அளவு தெரிந்துவிடும். எலக்ட்ரீஷியன் ஒருவரை வைத்தே செய்யுங்கள். இதைப் பார்க்காமல் மாட்டினால் கேமராவே போய்விடலாம், கடன் மட்டும் மிஞ்சும்.

அடுத்தது டி.டி.எல். பிலிம் கேமரா, பிலிமில் பட்டுத் திரும்பும் வெளிச்சத்தை அளந்து பிளாஷை நிறுத்தியது. டிஜிட்டல் கேமரா, படத்துக்கு முன் சின்னதாக ஒரு மினுக்கு விட்டு அளக்கிறது. நிக்கானில் ஐ-டி.டி.எல்., கேனானில் இ-டி.டி.எல். என்பார்கள். அதனால் பழைய டி.டி.எல். பிளாஷ் புதுக் கேமராவில் கணக்குப் பார்க்காது. சோனி ஆல்பா வைத்திருப்பவர்கள் இன்னொன்றும் கவனிக்கணும். 2006-ல் வந்த ஆல்பாவில் மினோல்டாவின் பழைய ஆட்டோஃபோகஸ் லென்ஸ் பொருந்தும், ஆனால் பிளாஷ் மாட்டும் இடம் தனி வடிவம். அது 2012-ல்தான் மாறியது.

லென்சில் கையால் திருப்பும் அப்பெர்ச்சர் வளையம் மட்டும் இருந்தால், எத்தனையில் வைத்திருக்கிறீர்கள் என்பது பல கேமராக்களுக்குத் தெரியாது. அதற்கு நாம் சொல்வது, முகப்பிலேயே சின்னக் கண் வைத்த 'ஆட்டோ' பிளாஷ். அதில் ஐ.எஸ்.ஓ.வும் அப்பெர்ச்சரும் வைத்து, அதே எண்ணை லென்சிலும் வைத்தால் போதும், வெளிச்சத்தை அதுவே நிறுத்திக்கொள்ளும். எந்த லென்ஸ் என்று அது கேட்காது! ஷட்டரை 1/125-ல் வையுங்கள், ரொம்ப வேகமாக வைத்தால் படத்தில் கறுப்புப் பட்டை விழும்.

ஆட்டோவும் இல்லையா? கைக்கணக்கு இருக்கிறது. பிளாஷின் கைடு எண்ணைத் தூரத்தால் வகுங்கள். ஐ.எஸ்.ஓ. 100-ல் மீட்டர் கணக்கில் கைடு எண் 28, ஆள் 7 மீட்டர் தள்ளி என்றால் அப்பெர்ச்சர் 4. மூன்றரை மீட்டர் என்றால் 8. நகை, சிட்டைக் கணக்கு பார்க்கிற நமக்கு இது பெரிய கணக்கா?

ஏற்காட்டில் பனிமூட்டம் இறங்கும்போது நேராகப் பிளாஷ் அடிக்காதீங்க. நீர்த்துளிகளில் பட்டு வெள்ளையாகத் திரும்பி வரும். வீட்டுக்குள், சுண்ணாம்பு அடித்த கூரை இருந்தால் தலையை மேலே திருப்பி அடியுங்கள், முகம் நன்றாக வரும். ஓட்டு வீட்டில் இது எடுபடாது, கறுத்த ஓடு வெளிச்சத்தைக் குடித்துவிடும். அதனால் தலை திரும்பும் பிளாஷாகவே கேளுங்கள்.

சேலத்துக்கு இறங்கும்போது கேமரா, லென்ஸ், நான்கு பேட்டரி மூன்றையும் எடுத்துப் போங்க. வோல்டேஜ் பார்த்த பிறகு மாட்டி, கிட்டே ஒன்று, தள்ளி ஒன்று என இரண்டு படம் எடுத்துப் பார்த்துவிட்டுப் பணம் கொடுங்கள். கடன் மனுவில் சார்ஜ் ஏற்றும் பேட்டரிக்கும் சார்ஜருக்கும் சேர்த்தே தொகை எழுதுங்கள்.