உயிர்வேலி

நிலமுடையார்க்கு வேலி இன்றியமையாதது. சோழநாட்டார் நில அளவைக்கே வேலி என்று பெயரிட்டு, இருபது மா கொண்டது ஒரு வேலி என வழங்கினர். காப்பில்லாத நிலம் நிலமாகாது என்னுங் கருத்து அப்பெயரில் அடங்கிக் கிடக்கின்றது போலும். புறத்திணையுள் மதில் காக்கும் ஒழுக்கத்திற்கு நொச்சி என்பது பெயர். அந்நொச்சி இன்றும் நம் ஊர்ப்புறங்களில் வேலியாய் நிற்குஞ் செடியே. ஏசாயா தீர்க்கதரிசி பாடிய திராட்சத் தோட்டமும் வேலியிழந்த பின்னரே பாழாயிற்று.

வேலி இருவகைப்படும். கல், கம்பி, வெட்டிய முள் இவற்றால் ஆவது உயிரில் வேலி. நட்டு வளர்ப்பது உயிர்வேலி. இவற்றுள் பின்னதனைக் குறித்தே, சிறப்பாக எங்கள் ஓசூர்ப் பக்கத்துத் தட்பநிலைக்கு ஏற்றவாறு, சில கூறத் துணிந்தேன்.

ஓசூர் கடல்மட்டத்திற்கு மேல் ஏறத்தாழ 3,000 அடி உயர்ந்த மேட்டுநிலம். கிருஷ்ணகிரியோ அதனினும் ஆயிரம் அடிக்கு மேல் தாழ்ந்தது. ஆதலின் ஒரே மாவட்டத்தில் கீழே வெயில் காய, மேலே மார்கழி தை மாதங்களில் மூடுபனியும் குளிர்காற்றும் நிலவும். உதகையைப்போல் உறைபனி பெய்து தளிரைக் கருக்குவதில்லை. எனினும் அக்காலத்துச் செடி வளர்ச்சி குன்றி நிற்கும். இதனை அறியாது யாங்கள் பட்ட இழப்பினை முதற்கண் கூறுவேன்.

எங்கள் சிறு தோட்டத்தின் மேல்புறத்தே பாட்டனார் நட்ட கிளுவை வேலி ஒன்று இருந்தது. அடுத்த நிலத்துப் பெரியவர்க்கும் எம்மவர்க்கும் எல்லை பற்றிச் சொல்லாடல் நேர்ந்தது. நிலத்தை அளந்து முடித்தபின், தந்தையார் அவ்வேலியைக் களைந்து கல்தூண் நட்டு முட்கம்பி இழுத்தார். எல்லை நேராயிற்று, ஆனால் மறைப்பு ஒழிந்தது. தொழிற்சாலைகட்குச் செல்லும் பாதை அண்மையிற் பெருகவே, பாரவண்டிகளின் புழுதி வீட்டினுள் படிந்தது. கிணற்றடியில் நீராடும் பெண்டிர் வழிச்செல்வோர் கண்ணிற் பட்டனர். எம் பாட்டியார் விடியுமுன் இருளிலேயே குளிக்கத் தொடங்கினார். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மார்கழிக் குளிரில் அவர் இருமும் ஒலியே எங்கட்குப் போதியதாயிற்று.

உடனே கிளுவைப் போத்துக்கள் விலைக்கு வாங்கி, அம்மார்கழியிலேயே நட்டோம். தை கழிவதற்குள் பெரும்பாலன வாடி வற்றின. அடுத்த நிலத்துப் பெரியவர் கம்பிக்கு அப்பால் நின்று நோக்கிக்கொண்டிருந்தார். ஓராண்டாக எங்களோடு பேசாதவர், என்னை விளித்து, “தம்பி, குளிர்காலத்தில் கொம்பு உறங்கும். மழை வந்து எழுப்பினால் அன்றி எழாது. வைகாசியில் வா, என் வேலியிலிருந்து வெட்டித் தருகிறேன்” என்றார். அவ்வாறே தந்தார். எந்த எல்லை பற்றி மாறுபட்டோமோ, அவ்வெல்லையை அவர் கொடுத்த கொம்புகளே இன்று காக்கின்றன.

இனி நடும் முறை. கோடை மழை பெய்து மண் நெகிழ்ந்த வைகாசி ஆனியே எம்பக்கத்திற்கு உற்ற பருவம். அப்பொழுது நட்டால் ஐப்பசி வரை பெய்யும் மழையில் வேர் ஊன்றிக்கொள்ளும். பின்வருங் குளிரும் அதற்கடுத்த கோடையும் அதனை வெல்லா. எல்லைக்கோட்டின்மேல் நடாது, தன் நிலத்துள் இரண்டடி தள்ளி நடுக. வேலி பருக்குங்கால் வழக்கும் பருக்காது. ஓரடி அகலமும் ஓரடி ஆழமுமாகக் கால்வெட்டி, மட்கிய தொழுவுரமும் மேல்மண்ணும் கலந்து நிரப்புக. கட்டைவிரற் பருமனுள்ள முதிர்ந்த கொம்புகளை மூன்று நான்கடி நீளமாய் நறுக்கி, அடிமுனையைச் சாய்வாகச் சீவி, தலைகீழாகாதபடி முக்காலடி ஆழம் புதைத்து மண்ணை மிதித்து இறுக்குக. இருவரிசையாக, ஒருவரிசையின் இடைவெளிக்கு நேரே மற்றை வரிசையின் கொம்பு நிற்குமாறு நடின் சந்து விழாது.

கிளுவை ஒன்றே போதுமோ எனின், காவலுக்குப் போதும், மறைப்பிற்குப் போதாது. என்னை? அது வறட்சியில் இலையுதிர்க்கும். ஆதலின் உள்வரிசையில் ஆடு தின்னாத ஆடாதொடையும், நொச்சியும், மருதாணியும் வைத்தல் நன்று. அவை மருந்துக்கும் உதவும். திருகுகள்ளி நீரின்றியும் வளரும். ஆயினும் அதன் பால் கண்ணிற் பட்டால் பெருந்தீங்கு செய்யுமாதலின், சிறுவர் ஆடும் இடத்தருகே ஆகாது. உண்ணிச்செடியை அழகிய பூவிற்காக நடுவோரும் உளர். பிறநாட்டினின்று வந்த அது வேலியில் அடங்காது காடெங்கும் பரவி, ஏனைய செடிகளை நெருக்குவது. அதனை நடாதிருத்தலே நலம்.

பேணல் நடுதலினும் பெரிது. முதற் கோடையில் வாரமொருமுறை நீர் விடுக. தளிர்த்தவை முழங்காலளவு எழுந்ததும் நுனி கிள்ளுக. இல்லையேல் தலை அடர்ந்து அடி ஓட்டையாகும். கத்தரிக்குங்கால் அடி அகன்றும் தலை குறுகியும் இருக்குமாறு வெட்டினால், கீழிலைகட்கும் வெயில் கிட்டும். பெருவெட்டு மழைத் தொடக்கத்தில் ஆகலாம், மார்கழியில் ஆகாது. பட்டுப்போன இடங்களை ஆண்டுதோறும் மழைக்காலத்தில் நிரப்புக.

வெட்டிய முள்ளினும் வளரும் முள் சிறந்தது என்பதற்கு வரலாறும் சான்று. வடநாட்டில் உப்புவரி காத்தற்பொருட்டு ஆங்கில அரசினர் நெடுந்தூரம் வேலியிட்டனர். முதலில் இட்ட காய்ந்த முள்வேலியைக் கறையானும் தீயும் காற்றும் அழித்தன. 1867 முதல் அத்துறைக்குத் தலைவராயிருந்த ஆலன் ஆக்டேவியன் ஹியூம் என்பார், பின்னாளிற் காங்கிரசு மகாசபையை நிறுவியவருள் ஒருவர், மண்ணுக்கேற்ற இலந்தை, கருவேல், களா, கள்ளி முதலியவற்றை நடுவித்தார். சிற்சில இடங்களில் அவ்வேலி 12 அடி உயர்ந்தது. எனினும் ஏழையின் உப்பை மறித்த அது மக்கட்கு நன்மை செய்யவில்லை. 1879ஆம் ஆண்டில் அவ்வெல்லைக்காவல் கைவிடப்பட, வேலியும் பேணுவாரின்றி மறைந்தது. நடும் வகையில் அவர்பால் கற்கத்தக்கது உண்டு. நடும் நோக்கத்தில் இல்லை.

கம்பிவேலி அயலாரைத் தடுக்கும். அதன்பாற் பிறிது பயனில்லை. உயிர்வேலியோ புழுதி தடுத்து, காற்றைத் தணித்து, புள்ளினத்திற்குக் கூடு தந்து, வேலிப்பருத்திக்கும் கோவைக்கும் கொழுகொம்பாகி, இருபுறத்தாரும் பேண வேண்டிய பொதுவுடைமையாய் நிற்கும். எங்கள் வேலி இப்பொழுது ஆள்மட்டம் உயர்ந்துள்ளது. எம் பாட்டியார் வெயிலேறிய பின்னரே நீராடுகின்றார். சென்ற விடுமுறையில் யான் வேலி கத்தரிக்கையில், அப்பெரியவரும் தம் பக்கத்தைக் கத்தரித்துக்கொண்டிருந்தார். இலையடர்த்தியால் ஒருவரையொருவர் காணவில்லை, பேசிக்கொண்டே வெட்டினோம்.