கையெழுத்து காட்டிக்கொடுத்த இசையமைப்பாளர்

பெயர் எழுதாத விடைத்தாள் கட்டில் இருந்தால் நாம் திகைப்பதில்லை. கையெழுத்தைப் பார்த்தே யாருடையது என்று சொல்லிவிடுவோம். ஓர் இசையமைப்பாளருக்கு உரிய பெயர் கிடைத்ததும் ஏறக்குறைய இப்படித்தான்.

அமெரிக்க ஜாஸ் இசைமேதை டியூக் எலிங்டன் (1899–1974) சுமார் ஐம்பது ஆண்டுகள் தம் இசைக்குழுவை நடத்தினார். பில்லி ஸ்ட்ரேஹார்ன் 1939 முதல் 1967இல் இறக்கும்வரை அவருக்காக எழுதினார். குழுவின் அடையாள இசையான ‘டேக் தி ஏ டிரெய்ன்’ ஸ்ட்ரேஹார்னுடையதே. ஆனால் மேடையிலும் இசைத்தட்டிலும் பெரிதாகத் தெரிந்தது எலிங்டன் பெயர். எது யாருடையது என்பது நெடுநாள் குழப்பமாகவே இருந்தது.

எலிங்டனின் மகன் மெர்சரிடம் இருந்த தாள்கள் 1988இல் வாஷிங்டனிலுள்ள ஸ்மித்சோனியன் நிறுவனத்துக்கு வந்தன. இசைக்குறிப்புகள், கடிதங்கள், ஒப்பந்தங்கள், நிகழ்ச்சி நிரல்கள், படங்கள் எனப் பல்லாயிரம் பக்கங்கள். அவற்றில் ஒரு புதுமை: வாசிப்புத் தாளின் மேல் பெரும்பாலும் கருவியின் பெயர் இருக்காது, வாசிப்பவரின் பெயர் இருக்கும். ‘டிரம்பெட்’ என்பதற்குப் பதில் ‘கூட்டி’. இன்னார் வாசிப்பார் என்று மனத்தில் வைத்தே எழுதியிருக்கிறார்கள். அச்சுப் பிரதி இதைச் சொல்லாது.

நெதர்லாந்து ஆய்வாளர் வால்டர் வான் டி லூர் இத்தாள்களையும் ஸ்ட்ரேஹார்ன் குடும்பத்தாரிடம் இருந்தவற்றையும் பக்கம் பக்கமாக ஒப்பிட்டார். இருவரின் கையெழுத்தையும் பிரித்தறிந்து, ஸ்ட்ரேஹார்னின் பங்கை அடையாளம் காட்டினார். சுத்தப்பிரதி எடுத்துவிட்டு மூலத்தை யாராவது எறிந்திருந்தால் இது நடந்திருக்காது.

வகுப்பில் இதை ஒரு பாடவேளையில் செய்யலாம். வீட்டிலுள்ள பழைய கடிதம் அல்லது நோட்டு ஒன்றை மாணவர்கள் கொண்டுவரட்டும். யார், யாருக்கு, எப்போது எழுதியது என்பதைத் தாளைப் பார்த்தே கண்டுபிடிக்கட்டும். துருப்பிடித்த குண்டூசியை மெதுவாக எடுத்துவிடலாம். செல்லோடேப் ஒட்ட வேண்டாம். லேமினேட் செய்யவே கூடாது. தாளைத் திரும்பப் பெற முடியாது. குறிப்பு எழுதினால் பின்புறம், பென்சிலில். இருந்த வரிசையைக் கலைக்க வேண்டாம். நாம் ‘அழகாக’ அடுக்குவதில்தான் பல தடயங்கள் போய்விடுகின்றன.

மூன்றாண்டுகளுக்கு முன் எங்கள் ஆண்டு விழாவுக்கு மாணவிகள் ஒரு வில்லுப்பாட்டு எழுதினார்கள். விழா முடிந்ததும் அந்த நோட்டைப் பழைய தாள்களோடு எடைக்குப் போட்டவன் நான்தான். அதன் முதல் பாட்டைத் தானே எழுதியதாக இரண்டு மாணவிகள் இன்றும் சொல்கிறார்கள். இருவருக்கும் என்னிடம் பதில் இல்லை. இவ்வாண்டு நாடக நோட்டு, அடித்தல் திருத்தலோடு, தலைமையாசிரியர் அறை பீரோவில் இருக்கிறது. எழுதிய நால்வரின் பெயரும் தேதியும் பின்னட்டையின் உட்புறத்தில் பென்சிலில் உள்ளன.