எஞ்சினைக் கடைசியில் வாங்குங்கள்

பழைய ஸ்போர்ட்ஸ் காரில் வேறு எஞ்சின் வைக்கப்போவதாக யார் பேச்செடுத்தாலும் அடுத்து வருவது ஒரு எஞ்சினின் பெயர்தான். "கே24 போடலாம்னு இருக்கேன்", "வி8 போட்டா எப்படி இருக்கும்?" என்றுதான் பேச்சு தொடங்கும். திட்டம் போட உட்கார்ந்த பிறகு நான் கண்டது நேர்மாறானது. எந்த எஞ்சின் என்ற கேள்விக்குப் பதில் கடைசியில்தான் கிடைக்கிறது. காரின் மற்ற பாகங்களும், நாம் இருக்கும் ஊரின் சட்டமும், கையிலிருக்கும் பணமும் சேர்ந்து அந்தப் பதிலைச் சொல்கின்றன.

என்னிடம் இருப்பது 1991ஆம் வருட மாஸ்டா மியாட்டா. அமெரிக்காவுக்கு வெளியே பல நாடுகளில் இதற்கு எம்எக்ஸ்-5 என்று பெயர். 1989 பிப்ரவரியில் சிகாகோ கண்காட்சியில் அறிமுகமானது. இரண்டு சீட், மடக்கும் துணிக்கூரை, ஏறத்தாழ 1000 கிலோ எடை, முன்னால் எஞ்சின், பின்சக்கர இழுவை. நான் இருப்பது கலிஃபோர்னியாவில் சான் ஹோசே பக்கம். கல்லூரி நண்பன் ஒருவன் சியாட்டிலில் இருக்கிறான், அவனிடமும் இதே தலைமுறைக் கார். இருவர் காரிலும் இப்போது எஞ்சின் மாறிவிட்டது. அவன் ஹோண்டாவின் கே24 வைத்தான். நான் மாஸ்டாவின் 1.8 லிட்டர் எஞ்சினோடு நிறுத்திக்கொண்டேன். ஒரே காருக்கு இரண்டு விடை எப்படி வந்தது என்பதைச் சொன்னால், இதே யோசனையில் இருப்பவர்களுக்கு உதவும்.

எதற்காக மாற்றுகிறீர்கள்?

இதை ஒரு தாளில் எழுதுங்கள். "பவர் வேணும்" என்று எழுதினால் போதாது. எந்த ரோட்டில், யாரை உட்கார வைத்துக்கொண்டு, எப்படி ஓட்டப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்.

மியாட்டாவின் முதல் எஞ்சின் 1597 சிசி. 116 குதிரைத்திறன், 136 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை. என் எஞ்சின் வயதாகி ஆயில் குடிக்க ஆரம்பித்திருந்தது, ஒரு சிலிண்டரில் கம்ப்ரஷன் இறங்கியிருந்தது. ஸ்கைலைன் பொலிவார்டில் ஏறும்போது மூன்றாவது கியரிலேயே இழுக்க வேண்டும், மகளைக் கூட்டிக்கொண்டு போகும் வண்டி நடுவழியில் நிற்கக் கூடாது, ஸ்மாக் எனப்படும் புகைச் சோதனையில் தேற வேண்டும். இந்த மூன்றைத்தான் எழுதினேன். நண்பன் ரேஸ் டிராக்கில் ஓட்டுகிறவன். நேர்பாதையில் மற்ற கார்கள் தன்னைத் தாண்டக் கூடாது என்று எழுதினான். இந்த இரண்டு தாளுக்கும் ஒரே எஞ்சின் பொருந்தாது.

இந்த இடத்தில் இன்னொரு வழியையும் எடைபோடுங்கள். இருக்கும் எஞ்சினையே பிரித்து, ரிங், பேரிங், சீல் மாற்றிப் பூட்டுவது. பலருடைய தேவைக்கு அதுவே போதும்.

சட்டத்தை முதல் நாளே படியுங்கள்

கலிஃபோர்னியாவில் 1976ஆம் வருடம் முதலான பெட்ரோல் கார்களுக்குப் புகைச் சோதனை உண்டு. 1975 வரையிலானவற்றுக்கு விலக்கு. 1972 டாட்சன் 240இஸட் வைத்திருப்பவருக்கு இருக்கும் சுதந்திரம் எனக்கில்லை. எஞ்சின் மாற்றக் கூடாது என்று இங்கே யாரும் சொல்வதில்லை, ஆனால் நிபந்தனைகள் உண்டு. புது எஞ்சின் காரின் வருடத்தையோ அதற்குப் பிந்தைய வருடத்தையோ சேர்ந்ததாக இருக்க வேண்டும். அந்த எஞ்சினோடு தொழிற்சாலையில் வந்த மாசுக்கட்டுப்பாட்டுச் சாமான்கள், கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் முதல் பெட்ரோல் ஆவியைப் பிடிக்கும் கேனிஸ்டர் வரை, கூடவே வர வேண்டும். பிறகு ரெஃபரி என்று அழைக்கப்படும் அரசு அங்கீகாரம் பெற்ற பரிசோதகர் பார்த்து, கதவுச் சட்டத்தில் ஒரு லேபிள் ஒட்டுவார். அதன் பிறகுதான் வழக்கமான சோதனை நிலையத்துக்குப் போக முடியும்.

என் கே24 கனவு கலைந்தது இங்கேதான். அது ஹோண்டாவின் 2004 மாடல் அக்யூரா டிஎஸ்எக்ஸ் காரின் எஞ்சின். 1996 முதல் அமெரிக்கக் கார்களில் கட்டாயமான ஓபிடி-2 கண்காணிப்பு முறை முழுவதையும் அதனோடு கொண்டுவந்து, என் காருக்குள் ஒழுங்காக வேலைசெய்ய வைக்க வேண்டும். சந்தையில் கிடைக்கும் தனி ஈசியூ (எஞ்சினை இயக்கும் கணினி) ஒன்றை மாட்டி ஓட்டினால் ரெஃபரி தேற விடமாட்டார். 1994 மியாட்டாவின் 1.8 எஞ்சினோ ஓபிடி-2க்கு முந்தையது, அதே குடும்பம், என் காரைவிட மூன்று வருடம் புதியது.

வாஷிங்டன் மாநிலத்தில் 2020 தொடக்கத்தோடு புகைச் சோதனையையே நிறுத்திவிட்டார்கள். நண்பனுக்கு அந்தத் தடை இல்லை. ஆனாலும் கன்வெர்ட்டரைக் கழற்றி எறிய அது அனுமதி ஆகாது, மத்திய அரசின் சட்டம் அங்கேயும் உண்டு. அவன் வண்டியில் கன்வெர்ட்டர் இருக்கிறது. இன்சூரன்ஸ் நிறுவனத்துக்கும் எஞ்சின் மாற்றத்தை எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

பின்சக்கரத்திலிருந்து முன்னோக்கி வாருங்கள்

எஞ்சின் உண்டாக்கும் விசை எந்த வழியாக ரோட்டுக்குப் போகிறதோ, அந்த வழியைத் தலைகீழாக நடந்து பாருங்கள். டயர், ஆக்ஸில், டிஃபரன்ஷியல், புரொப்பெல்லர் ஷாஃப்ட், கியர்பாக்ஸ், கிளட்ச். ஒவ்வொன்றும் எவ்வளவு தாங்கும் என்று கேளுங்கள். போனில் நண்பன் சொன்னது: "மச்சி, எஞ்சின் எவ்வளவு கொடுக்கும்னு கேக்காத. டிஃப் எவ்வளவு தாங்கும்னு கேளு."

1.6 மியாட்டாவில் இருப்பது 6 அங்குல டிஃபரன்ஷியல், விசை கூடினால் அதுதான் முதலில் உடையும். 1994இல் 1.8 எஞ்சினோடு 7 அங்குலம் வந்தது, அது நன்றாகவே தாங்கும். அதை மாட்ட ஆக்ஸில்களும் புரொப்பெல்லர் ஷாஃப்டும் 1.8இலிருந்தே வர வேண்டும். பல்விகிதமும் மாறும். 4.30 இருந்த இடத்தில் 4.10 வரும்போது, அதே வேகத்தில் எஞ்சின் ஏறத்தாழ 5 சதவீதம் மெதுவாகச் சுற்றும். நெடுஞ்சாலையில் காதுக்கு நிம்மதி. கிளட்ச் தட்டு 200 மில்லிமீட்டரிலிருந்து 215க்குப் போகிறது, ஆகவே ஃப்ளைவீலும் சேர்த்து மாறும். முன் பிரேக் டிஸ்க் 235இலிருந்து 255 ஆகிறது.

கியர்பாக்ஸ் விஷயத்தில் மியாட்டாவுக்கு ஒரு தனிக்குணம் உண்டு. கியர்பாக்ஸுக்கென்று தனி மவுண்ட் கிடையாது. நீளமான அலுமினியச் சட்டம் ஒன்று அதை டிஃபரன்ஷியலோடு சேர்த்துப் பிடித்திருக்கிறது. வேறு கம்பெனி கியர்பாக்ஸ் போட்டால் இந்த ஏற்பாடே குலையும். அதனால்தான் கே24 வைப்பவர்கள் மியாட்டா கியர்பாக்ஸையே வைத்துக்கொண்டு, நடுவில் ஒரு அடாப்டர் பிளேட் போடுகிறார்கள். கே24 கொடுப்பது 200 குதிரைத்திறன், 225 நியூட்டன் மீட்டர். பழைய ஐந்து கியர் பெட்டியை நம்பாமல் நண்பன் பிற்காலத்து ஆறு கியர் பெட்டி வாங்கினான். என் 1.8 தருவது 128 குதிரைத்திறன், 149 நியூட்டன் மீட்டர். எனக்குப் பழைய பெட்டியே போதும்.

இந்த வேலைகளை எஞ்சினைத் தொடுவதற்கு முன்பே செய்துவிடலாம். டிஃபரன்ஷியலையும் பிரேக்கையும் மாற்றிவிட்டுப் பழைய எஞ்சினோடு கொஞ்ச காலம் ஓட்டினேன். ஏதாவது முனகினால் எதனால் என்று உடனே தெரிந்தது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் மாற்றியிருந்தால், வரும் சத்தம் எதனுடையது என்று தேடுவதே தனி வேலையாகியிருக்கும்.

இடம் இருக்கிறதா?

1.8 எஞ்சின் பழைய மவுண்ட்களிலேயே உட்காரும். கே24க்கு முன் சப்ஃப்ரேம், ஆயில் சம்ப், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு எல்லாம் வேறு வேண்டும். இவை கிட்டாகக் கிடைக்கின்றன. கிட் வாங்கினாலும் அளந்து பாருங்கள். ஸ்டியரிங் ஷாஃப்டுக்கும் எக்ஸாஸ்ட் குழாய்க்கும் நடுவே எவ்வளவு இடைவெளி? பிரேக் பைப் சூட்டுக்குப் பக்கத்தில் போகிறதா? பானட்டுக்கு அடியில் எவ்வளவு உயரம்?

பானட்டை அளக்கக் குழந்தைகள் விளையாடும் களிமண் போதும். எஞ்சினின் உயரமான இடங்களில் சிறு உருண்டைகளாக வைத்து, பானட்டை மெதுவாக மூடித் திறங்கள். மிகவும் தட்டையாக நசுங்கிய உருண்டையைக் கத்தியால் நறுக்கி, அதன் தடிமனை அளவுகோலில் பாருங்கள். ஆக்ஸிலரேட்டரை மிதிக்கும்போது எஞ்சின் ரப்பர் மவுண்டில் சாயும், அதற்கும் சேர்த்து ஒரு விரல் தடிமனாவது மிச்சம் இருக்க வேண்டும்.

இன்னொன்றும் பாருங்கள். ஆயில் ஃபில்டர், ஸ்பார்க் பிளக், ஸ்டார்ட்டர் போல்ட், இவற்றுக்கெல்லாம் கை போகுமா? எஞ்சினை இறக்காமல் ஸ்டார்ட்டரைக் கழற்ற முடியாத வண்டியோடு நெடுநாள் குடித்தனம் நடத்த முடியாது.

வயரிங்: பாதித் திட்டம் இங்கேதான்

அரைகுறையாக நின்றுபோன கார்கள் விற்பனைக்கு வரும்போது கவனித்துப் பாருங்கள். எஞ்சின் உட்கார்ந்திருக்கும், கியர்பாக்ஸ் மாட்டியிருக்கும், வயர்கள் மட்டும் கொத்தாகத் தொங்கும். "வயரிங் மட்டும் பாக்கி" என்று விளம்பரத்தில் போட்டிருப்பார்கள்.

1994இல் மியாட்டாவுக்கு இரட்டை ஏர்பேக் வந்ததோடு வயரிங்கும் மாறியது. காற்றை அளக்கும் முறையும் வேறு. 1.6இல் காற்று தள்ளித் திறக்கும் மடல், 1.8இல் சூடான கம்பி. ஆகவே எஞ்சினின் வயர்த் தொகுப்பான ஹார்னஸும் ஈசியூவும் 1994 காருடையதே வேண்டும், அவை என் டேஷ்போர்டோடு பேசவும் வேண்டும். இரண்டு கார்களின் வயரிங் வரைபடங்களையும் பக்கத்தில் வைத்து, ஒவ்வொரு பின்னுக்கும் ஒரு வரி என்று அட்டவணை போட்டேன். வயரின் நிறம், எங்கிருந்து வருகிறது, எங்கே போகிறது, எப்போது 12 வோல்ட் இருக்க வேண்டும். அட்டவணை முடியும்வரை கட்டிங் பிளேயரைத் தொடவில்லை.

கழற்றும்போது ஒவ்வொரு கனெக்டருக்கும் துணி டேக் கட்டுங்கள். மாஸ்கிங் டேப்பில் எழுதினால் ஆயில் பட்டதும் உரிந்துவிடும். டேக்கில் "இடது பக்கம் நடு" என்று எழுதாதீர்கள், எந்த சென்ஸார் என்று எழுதுங்கள். எஞ்சின் இறங்கிய பிறகு இடமும் வலமும் குழம்பும்.

மீட்டர்களை மறக்காதீர்கள். ஆயில் பிரஷர், தண்ணீர்ச் சூடு இரண்டுக்கும் உங்கள் டேஷ்போர்டுக்குரிய சென்ஸாரையே புது எஞ்சினில் மாட்டுவதுதான் எளிது. பழைய எர்த் வயர்களைத் துருப்பிடித்த போல்ட்டோடு திரும்பப் பூட்டாதீர்கள், புதிதாகப் போடுங்கள். காரணமே தெரியாத மின்கோளாறு வந்தால் முதலில் எர்த்தைச் சோதியுங்கள்.

தண்ணீர்

விசை கூடினால் சூடும் கூடும். முப்பது வருட ரேடியேட்டரைத் திரும்ப மாட்டாதீர்கள், ஹோஸ்களையும் சேர்த்து மாற்றுங்கள். மாஸ்டாவின் இந்த எஞ்சின்களில் தெர்மோஸ்டாட் முன்பக்கம் இருப்பதால் கடைசி சிலிண்டர் கூடுதலாகச் சூடாகும். டிராக்கில் ஓட்டுபவர்கள் தண்ணீரைப் பின்பக்கமாக எடுத்துவருகிறார்கள். மலைப்பாதையில் மெதுவாகப் போகும் எனக்கு அது தேவைப்படவில்லை.

வாங்குவது எப்படி?

முடிந்தால் எஞ்சினை மட்டும் வாங்காமல், அது இருக்கும் காரையே வாங்குங்கள். கதவுப்பக்கம் நசுங்கி இன்சூரன்ஸ்காரர்கள் கைகழுவிய 1994 மியாட்டா ஒன்றை எடுத்தேன். கலிஃபோர்னியாவின் மாசு விதிகளுக்கேற்பச் செய்யப்பட்ட கார்தானா என்று பானட்டுக்கு அடியிலிருக்கும் மாசுக்கட்டுப்பாட்டு லேபிளில் பார்த்துக்கொண்டேன். எஞ்சின், ஹார்னஸ், ஈசியூ, டிஃபரன்ஷியல், ஆக்ஸில், பிரேக், கன்வெர்ட்டர், கேனிஸ்டர், கூடவே கடையில் கிடைக்காத சின்னச் சின்னக் கிளாம்ப்கள் எல்லாம் அதிலிருந்தே வந்தன. ஓடும் நிலையில் இருந்ததால் வாங்குமுன் ஸ்டார்ட் செய்து கேட்கவும் முடிந்தது.

கம்ப்ரஷன் சோதனை கட்டாயம் செய்யுங்கள். எண் எவ்வளவு என்பதைவிட நான்கு சிலிண்டரும் ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கின்றனவா என்று பாருங்கள். ஆயில் மூடியைத் திறந்து, அடியில் பால்போல் வெள்ளைப் படிவம் தெரிந்தால் தண்ணீர் கலந்ததா என்று சந்தேகப்படுங்கள். எஞ்சின் வெளியே தொங்கும்போதே டைமிங் பெல்ட், வாட்டர் பம்ப், பின் கிராங்க் சீல், கிளட்ச் பேரிங் எல்லாவற்றையும் மாற்றிவிடுங்கள். உள்ளே போன பிறகு அதே வேலைக்கு ஒரு முழு வார இறுதி போகும்.

பணத்தைப் பொறுத்தவரை, எஞ்சின் விலையைப் பார்த்து பட்ஜெட் போடாதீர்கள். பழைய இரும்புக்கடையில் கே24 மலிவாகவே கிடைக்கும். அதை மியாட்டாவில் உட்கார வைக்கும் கிட், ஈசியூ, கிளட்ச், எக்ஸாஸ்ட் எல்லாம் சேர்ந்தால் எஞ்சின் விலையைப்போல் பல மடங்கு ஆகும். நண்பன் எல்லாப் பாகங்களும் கராஜுக்கு வந்து சேரும்வரை பழைய எஞ்சினின் ஒரு போல்ட்டைக்கூடக் கழற்றவில்லை. பந்தி போட்ட பிறகு உலை வைக்கிறவர்கள்தான் பாதியில் நிற்கிறார்கள்.

இவ்வளவும் எழுதி முடித்த தாளின் கடைசி வரியில் எஞ்சின் பெயரை எழுதுங்கள். முதலில் நினைத்த பெயரே வந்தால் தைரியமாக இறங்குங்கள். வேறு பெயர் வந்தால் அதை நம்புங்கள், என் காரில் இருப்பது அப்படி வந்ததுதான். எந்தப் பெயருமே பொருந்தவில்லையா? பழைய எஞ்சினுக்கு ரிங்கும் சீலும் மாற்றி ஓட்டுங்கள். நல்ல டயர் போட்ட 116 குதிரைத்திறன் மியாட்டா மலைப்பாதையில் யாரையும் ஏமாற்றியதில்லை.