மறுக்கும் வழியைத் திறந்து வைத்தல்: சிறார் ஆய்வுக்கு வரும் இளம் ஆய்வாளருக்கு ஒரு கடிதம்



பிறர் நன்மைக்காகத் தம் உடலை ஆய்வுக்கு உட்படுத்தும் முடிவை வயது வந்தவர் தாமே எடுக்கிறார்; குழந்தையின் பொருட்டு அம்முடிவைப் பெற்றோர் எடுக்க, ஊசியின் வலியைக் குழந்தை ஏற்கிறது. சிறார் ஆய்வின் அறச்சிக்கல்களுள் பெரும்பாலானவை இந்தப் பிளவிலிருந்தே பிறக்கின்றன. 1947-இல் வகுக்கப்பட்ட நியூரம்பர்க் நெறிமுறை, ஆய்வுக்கு உட்படுபவர் ஒப்புதல் தரும் சட்டத்தகுதி உடையவராக இருக்க வேண்டும் என்று கூறியது. அதைச் சொல்லுக்குச் சொல் பின்பற்றினால் எந்தக் குழந்தையையும் எந்த ஆய்விலும் சேர்க்க இயலாது. 1964-இல் வந்த ஹெல்சிங்கி பிரகடனம், அத்தகுதி இல்லாதவர்க்காகச் சட்டப்படியான பாதுகாவலர் ஒப்புதல் தரலாம் என்று வழிவிட்டது. அவ்வழியில் நடக்கும்போது எதைக் காக்க வேண்டும் என்பதே இக்கடிதத்தின் பொருள்.

குழந்தைகளை ஆய்விலிருந்து முற்றிலும் விலக்கி வைப்பதே அவர்களுக்குப் பாதுகாப்பு என்று எண்ணுவோர் உண்டு. அவ்வெண்ணம் இரக்கத்தில் பிறந்ததுதான் எனினும், வரலாறு அதற்கு எதிராகவே சான்று சொல்கிறது. 1950-களில் குறைமாதக் குழந்தைகளுக்கு நோய்த்தொற்று வராமல் தடுக்கக் குளோராம்பெனிகால் என்னும் நுண்ணுயிர்க்கொல்லி மருந்து முன்கூட்டியே தரப்பட்டது. அம்மருந்தை மாற்றி வெளியேற்றும் நொதி பச்சிளங்குழந்தையின் கல்லீரலில் இன்னும் முதிர்ச்சி அடையாததால், மருந்து உடலிலேயே தேங்கியது. குழந்தைகள் சாம்பல் நிறமாகி, வயிறு உப்பி, ரத்த ஓட்டம் தளர்ந்து இறந்தனர். மருந்து பெற்ற குழந்தைகளையும் பெறாத குழந்தைகளையும் ஒப்பிட்டுப் பார்த்த ஓர் ஆய்வு 1959-இல் வெளியான பின்னரே காரணம் தெளிவாயிற்று. குறைமாதக் குழந்தைகளுக்குத் தாராளமாக ஆக்சிஜன் கொடுத்ததால் பலர் பார்வையிழந்த கதையும் இதைப் போன்றதே. அதை நிறுத்தியதும் 1953-54-இல் அமெரிக்க மருத்துவமனைகள் சேர்ந்து நடத்திய ஒழுங்கான சோதனைதான். ஆய்வு இல்லாத இடத்தில் சோதனை நின்றுவிடுவதில்லை. யாரும் கணக்கு எழுதாமல், யாரிடமும் கேட்காமல், ஒவ்வொரு நோயாளிக் குழந்தையின் மீதும் அது நடந்துகொண்டே இருக்கிறது. ஆகவே குழந்தைகளை ஆய்வுக்கு அழைக்கும் பணியில் தயக்கமோ குற்ற உணர்வோ கொள்ளத் தேவையில்லை.

ஆயினும் அழைப்பது வேறு, சேர்த்துவிடுவது வேறு. ஒருவர் மறுத்திருக்க முடியும் என்ற நிலை உண்மையாகவே இருந்தால்தான் அவர் தரும் ஒப்புதலுக்கு மதிப்பு உண்டு என்பதை இளம் ஆய்வாளர் மனத்தில் ஆழப் பதித்துக்கொள்ள வேண்டும். நியூயார்க் நகரின் ஸ்டேட்டன் தீவில் இருந்த வில்லோபுரூக் என்னும் அரசு விடுதியில், அறிவு வளர்ச்சி குன்றிய குழந்தைகளுக்கு மஞ்சள் காமாலைக் கிருமியை வேண்டுமென்றே செலுத்தி 1956 முதல் பல ஆண்டுகள் ஆய்வு நடந்தது. பெற்றோர் படிவத்தில் கையெழுத்திட்டிருந்தனர். ஆனால் விடுதி நிரம்பி வழிந்து புதிய சேர்க்கை நிறுத்தப்பட்ட காலத்திலும் ஆய்வுப் பிரிவில் மட்டும் இடம் இருந்தது. வேறு போக்கிடம் இல்லாத பெற்றோர் முன் வைக்கப்பட்ட அந்தத் தாளை ஒப்புதல் என்று அழைப்பது கடினம். அந்த ஆய்வினால் காமாலைக் கிருமிகள் இரு வகை என்ற அறிவு தெளிவடைந்தது உண்மை. குழந்தைகளுக்கு அங்கே எப்படியும் நோய் தொற்றியிருக்கும் என்று ஆய்வுத் தலைவர் சால் குரூக்மன் வாதிட்டதும் உண்மை. எனினும் 1966-இல் அமெரிக்க மருத்துவர் ஹென்றி பீச்சர் அறமற்ற ஆய்வுகள் சிலவற்றைத் தொகுத்து வெளியிட்ட கட்டுரையில் இதுவும் இடம்பெற்றது. விடுதியின் சுகாதாரக் கேட்டைச் சரிசெய்யாமல் அக்கேட்டையே ஆய்வுக்கு நியாயமாகக் காட்டியது, எந்தக் கண்டுபிடிப்பாலும் ஈடுசெய்ய முடியாத தவறு.

மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஃபெர்னால்டு பள்ளியில் 1940-களிலும் 1950-களிலும் நடந்த ஊட்டச்சத்து ஆய்வு இதைவிட மென்மையான தோற்றம் உடையது. சிறுவர்கள் அறிவியல் மன்றம் என்ற பெயரில் கூட்டப்பட்டு, கூடுதல் பாலும் பேஸ்பால் ஆட்டம் காணும் வாய்ப்பும் பெற்றனர். இரும்பும் கால்சியமும் உடலில் சேரும் விதத்தை அறிய, கதிரியக்கத் தடயம் கலந்த ஓட்ஸ் கஞ்சியும் பாலும் அவர்களுக்குத் தரப்பட்டன. பெற்றோருக்குச் சென்ற மடல்களில் கதிரியக்கம் பற்றி ஒரு சொல்லும் இல்லை. கதிரியக்க அளவு மிகக் குறைவு என்றே பிற்கால விசாரணை மதிப்பிட்டது. உடலுக்குத் தீங்கு நேராதபோதும் அநீதி நேர முடியும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று கிடைப்பது அரிது.

இந்தியாவிலும் இப்பாடம் கற்கப்பட்டது. 2009-இல் ஆந்திரப் பிரதேசத்தின் கம்மம் மாவட்டத்திலும் குஜராத்தின் வடோதராவிலும் 10 முதல் 14 வயது வரையிலான சிறுமிகளுக்குக் கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசி ஒரு செயல்விளக்கத் திட்டமாகப் போடப்பட்டது. சில சிறுமிகளின் மரணச் செய்தி பரவியதும் 2010 ஏப்ரலில் அது நிறுத்தப்பட்டது. அம்மரணங்களுக்குத் தடுப்பூசி காரணம் அன்று என விசாரணை கண்டது. ஆனால் கம்மத்தில் பழங்குடிச் சிறுமிகள் தங்கிப் படித்த விடுதிகளில், பெற்றோருக்குப் பதிலாக விடுதிக் காப்பாளர்களே பல படிவங்களில் கையெழுத்திட்டிருந்தமையும் வெளிப்பட்டு, 2013-இல் நாடாளுமன்ற நிலைக்குழு அதைக் கடுமையாகக் கண்டித்தது. நல்ல தடுப்பூசி ஒன்று நாட்டில் பல ஆண்டுகள் ஐயத்துடன் பார்க்கப்பட்டதில், குறுக்கு வழியில் பெற்ற அந்தக் கையெழுத்துகளுக்குப் பெரும் பங்கு உண்டு. காப்பாளர் சோறு போடுபவர், கதவைப் பூட்டுபவர், விடுப்புத் தருபவர். அவர் சொல்லை மறுக்கும் நிலையில் விடுதிச் சிறுமி இல்லை.

சரியான வழி நீண்டதாகவும் செலவு மிக்கதாகவும் இருக்கும் என்பதற்கு வேலூரைப் பார்க்கலாம். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியினர் 2002-இல் ராமநாயக்கன்பாளையம், சின்ன அல்லாபுரம், கஸ்பா ஆகிய நெருக்கடியான குடியிருப்புகளில், பலர் பீடி சுற்றிப் பிழைக்கும் குடும்பங்களிடையே, குழந்தைகளைப் பிறப்பிலிருந்து தொடர்ந்து கவனிக்கும் ஆய்வைத் தொடங்கினர். சேர்ந்தவர் 452 பேர். மூன்றாண்டும் தொடர்ந்தவர் 373 பேர். களப்பணியாளர்கள் வாரம் இருமுறை வீடு தேடிச் சென்று குழந்தையின் நலம் விசாரித்தனர். இரு வாரங்களுக்கு ஒருமுறை மலம் சேகரிக்கப்பட்டது. வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் ஒரே குழந்தைக்குத் திரும்பத் திரும்பத் தொற்றுகிறது என்பதும், மூன்று முறை தொற்றிய பின்னும் மிதமான அல்லது கடும் நோயிலிருந்து கிடைக்கும் காப்பு 79 விழுக்காடே என்பதும் 2011-இல் வெளியான அதன் முடிவுகள். இரு தொற்றுகளுக்குப் பின் மிதமான அல்லது கடும் நோய் வருவதில்லை என்று மெக்சிகோவில் கண்டதை இங்கே அப்படியே பொருத்த முடியாது என்பதை அக்குழந்தைகளே உலகுக்குக் காட்டினர். அதே 2011-இல் தில்லி, புனே, வேலூர் ஆகிய இடங்களில் 6,799 குழந்தைகளிடம், அவ்வைரஸைத் தடுக்கும் ரோட்டாவாக் தடுப்பூசியின் சோதனை தொடங்கிற்று. 2016 முதல் ரோட்டா வைரஸ் தடுப்பூசி தேசியத் தடுப்பூசித் திட்டத்தில் படிப்படியாகச் சேர்க்கப்பட்டது.

452 என்பது 373 ஆகக் குறைந்ததை இளம் ஆய்வாளர் கூர்ந்து நோக்க வேண்டும். நெடுங்கால ஆய்வுகளில் குடும்பங்கள் ஊர் மாறுவதும் தாய் மனம் மாறுவதும் இயல்பு. எண்ணிக்கை குறைவது புள்ளியியலுக்கு இழப்பு என்பதால், விலக விரும்பும் தாயின் வீட்டுக்கு மூன்றாம் முறையும் நான்காம் முறையும் ஆள் அனுப்பத் தோன்றும். அங்கேதான் நட்பான வற்புறுத்தல், மறுக்கும் வழியை அடைக்கத் தொடங்குகிறது. சேர்க்கை எண்ணிக்கைக்கு ஏற்பக் களப்பணியாளருக்கு ஊதியம் தரும் ஏற்பாடு எங்கேனும் இருக்குமாயின், இளம் ஆய்வாளர் அதை எதிர்த்து நிற்பதே தகும்.

கேட்கும் முறையைப் பற்றிச் சில சொற்கள். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017-ஆம் ஆண்டு வழிகாட்டு நெறிகளின்படி பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் கட்டாயம். அதனுடன் 7 வயது முதல் குழந்தையின் இசைவையும், அதாவது தனக்கு என்ன நடக்கப்போகிறது என்று வயதுக்கேற்ப அறிந்து குழந்தை தரும் உடன்பாட்டையும், முதலில் வாய்மொழியாகவும் 12 வயதுக்குப் பின் எழுத்திலும் பெற வேண்டும். விதி இவ்வளவே. ஆனால் ஆசிரியர் முன்னும் மருத்துவர் முன்னும் தலையாட்டும்படியே பெரும்பாலான பிள்ளைகள் வளர்க்கப்படுகின்றனர்; “நீங்க சொன்னா சரிங்க டாக்டர்” என்று சொல்லும் தாயும் படிவத்தைப் படித்துவிட்டு அப்படிச் சொல்வதில்லை, தன் குழந்தைக்கு இதனால் வைத்தியம் தொடரும் என்ற நம்பிக்கையில் சொல்கிறாள். ஆகவே சிகிச்சை அளிக்கும் மருத்துவரே ஆய்வுக்கு ஒப்புதல் கேட்காமல் வேறொருவர் கேட்பதும், சேராவிட்டாலும் வைத்தியம் குறையாது என்பதை முதல் வாக்கியமாகச் சொல்வதும், படிவத்தை வீட்டுக்குக் கொடுத்தனுப்பி மறுநாள் பதில் பெறுவதும் சிறந்தவை. ரத்தம் எடுத்தால் பிள்ளை இளைத்துப்போகும் என்று பாட்டி அஞ்சினால் அதை அறியாமை என்று ஒதுக்கக் கூடாது. 3 கிலோ எடையுள்ள பச்சிளங்குழந்தையின் உடலில் மொத்தமே ஏறத்தாழக் கால் லிட்டர் ரத்தம்தான் இருக்கிறது. எடுக்கப்போகும் அளவைத் தேக்கரண்டிக் கணக்கில் காட்டி, அந்த அச்சத்துக்கு நேர்மையாக விடை தர வேண்டும். பேசத் தெரியாத குழந்தை முகத்தைத் திருப்பிக்கொள்வதும், கையை முதுகுக்குப் பின் மறைப்பதும், களப்பணியாளரைக் கண்டதும் தாயின் சேலைக்குள் ஒளிவதும் மறுப்பின் வடிவங்களே. அக்குழந்தைக்கு நேரடிப் பயன் தராத ஆய்வாயின், அன்றைய மாதிரியை விட்டுவிட்டுத் திரும்புவது ஆய்வாளரின் கடமை.

பயணச் செலவும் இழந்த நாட்கூலியும் ஈடுசெய்யப்பட வேண்டும். மறுக்க முடியாத அளவுக்குத் தொகை பெருகக் கூடாது.

வளரிளம் பருவத்தினரிடம் நடத்தும் ஆய்வு தனிக் கவனம் கோருகிறது. மனநலம், காதல், உடலுறவு, போதைப்பொருள் பற்றிய வினாக்களுக்குப் பெற்றோர் அருகில் இருக்கையில் உண்மையான விடை கிடைக்காது. எனவே தனியிடமும் மறைகாப்பும் வேண்டும். ஆனால் சிறாரைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, 18 வயதுக்கு உட்பட்டவர்மீது பாலியல் குற்றம் நடந்ததை அறிந்த எவரும் காவல்துறைக்குத் தெரிவிக்கக் கடமைப்பட்டவர். ஆய்வாளருக்கு இதில் விலக்கு இல்லை. யாரிடமும் சொல்லமாட்டோம் என்று ஒரு சிறுமிக்கு வாக்களித்துவிட்டு, அவள் நம்பிச் சொன்னதைப் பிறகு காவல் நிலையத்துக்குக் கொண்டுசெல்வது, அவள்மீது முன்பே இழைக்கப்பட்ட துரோகத்தோடு இன்னொன்றைச் சேர்ப்பதாகும். எதை மறைக்க முடியும், எதை மறைக்க முடியாது என்பதை முதல் வினாவுக்கு முன்பே எளிய தமிழில் சொல்லிவிட வேண்டும். அதனால் சிலர் பேசாமல் போவார்கள், தரவு குறையும், அந்தக் குறையோடு ஆய்வை வெளியிடுவதே நேர்மை. துணை நிற்கும் ஆலோசகரும் மருத்துவரும் ஏற்பாடாகாத நிலையில் இத்தகைய வினாத்தாளைக் களத்துக்கு எடுத்துச் செல்லவே கூடாது. தற்கொலை எண்ணம் உண்டா என்று கேட்டுக் குறித்துக்கொண்டு அடுத்த வீட்டுக்கு நடப்பது எவ்வகையிலும் ஆய்வாகாது.

பிறப்பில் சேர்ந்த குழந்தை ஒருநாள் 18 வயதை எட்டும். அப்போது பெற்றோர் தந்த ஒப்புதல் காலாவதியாகிறது; ஆய்வு தொடர்ந்தால் அவரிடமே புதிதாகக் கேட்க வேண்டும். அதுவரை சேகரித்த ரத்தமும் சீரமும் உறைபெட்டியில் இருக்குமாயின், அவற்றில் என்னென்ன சோதனைகள் நடந்தன, இனி என்ன நடக்கும் என்பதையும் அவருக்கு விளக்க வேண்டும். அவர் வேண்டாம் என்றால் மாதிரிகளை எவ்வாறு அழிப்பது, ஏற்கெனவே பெற்ற தரவை எந்த அளவுக்கு வைத்துக்கொள்வது என்பதை நெறிமுறைக் குழுவுடன் பேசி, முதல் குழந்தையைச் சேர்ப்பதற்கு முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும். பல ஆய்வுத் திட்டங்களில் இந்தப் பத்தி வெறுமையாகவே இருக்கிறது. இளம் ஆய்வாளர் தம் பெயரில் எழுதும் முதல் திட்டத்திலேயே இதை நிரப்புவாராக.