பிஞ்சு வாய்க்குப் பேரீச்சம்பழம்: எப்போது, எப்படி, எவ்வளவு?



ரமலான் நெருங்கினால் நம் வீடுகளில் பேரீச்சம்பழம் வந்து சேர்ந்துவிடும். வளைகுடாவிலிருந்து ஊர் திரும்புகிறவர்களின் பெட்டியில் கிஸ்மிஸ், அத்திப்பழம், பாதாம் எல்லாம் இருக்கும். நோன்பு திறக்கும் விரிப்பில் தவழும் பிள்ளையும் வந்து கை நீட்டும். "ஒன்று கொடுத்தால் என்ன?" என்பார் நன்னி. "தொண்டையில் சிக்கிவிடும்" என்று பயப்படுவார் தாய். இருவர் சொல்வதிலும் உண்மை உண்டு. உலர் பழம் நல்ல உணவு. வயதும் பதமும் பார்க்காமல் கொடுத்தால் அதுவே மூச்சை அடைத்துவிடும். எந்த வயதில் எந்தப் பதத்தில் கொடுக்கலாம் என்பதே இந்த மாதப் பாடம்.

தஹ்னீக் வேறு, உணவூட்டல் வேறு

அஸ்மா (ரலி) அவர்களுக்கு அப்துல்லாஹ் இப்னு ஸுபைர் (ரலி) பிறந்தபோது, நபி (ஸல்) அவர்கள் பேரீச்சம்பழத்தை மென்று குழந்தையின் வாயில் தடவினார்கள் என்பதை நாம் அறிவோம். அந்த சுன்னத்தை இன்றும் பல குடும்பங்கள் பேணுகின்றன. அது அண்ணத்தில் ஒரு தடவல்தானே தவிர, பசிக்குக் கொடுக்கும் உணவு அல்ல.

தஹ்னீக் செய்கிறவர் கையை சோப்புப் போட்டு நன்றாகக் கழுவ வேண்டும். நகம் வெட்டியிருக்க வேண்டும். தோலோ நாரோ துண்டோ வாயில் போகக் கூடாது. விரல் நுனியில் ஒட்டும் சாறே போதும். சளி, இருமல், வாய்ப்புண், உதட்டுக் கொப்புளம் உள்ளவர் மென்று தடவ வேண்டாம். எச்சில் வழியாகப் போகும் கிருமி பச்சிளம் குழந்தையின் உயிருக்கே ஆபத்தாகலாம். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கும் தீவிர சிகிச்சைப் பிரிவில் இருக்கும் குழந்தைக்கும் மருத்துவரிடம் கேட்டுக்கொண்டு செய்யுங்கள்.

ஒரு வயது முடியும்வரை தேன் மட்டும் எந்த வடிவத்திலும் வேண்டாம். தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் வித்து, கைக்குழந்தையின் குடலில் முளைத்து நஞ்சைச் சுரக்கும். அதனால் தசைகள் தளர்ந்து மூச்சுவிடவே சிரமமாகும். 'பாட்டுலிசம்' என்பது அந்த நோய். கடையில் வாங்கும் பேரீச்சம் சிரப்பில் தேன் கலந்திருக்கிறதா என்று லேபிளைப் பாருங்கள்.

ஆறு மாதம்வரை தாய்ப்பால் மட்டும்

முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே போதும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அறிவுரை. நம் பக்கத்தில் மலம் இறுகினால் கிஸ்மிஸ் ஊறவைத்த தண்ணீரைச் சங்கடையில் புகட்டும் வழக்கம் இருக்கிறது. பாசத்தோடு செய்வதுதான். ஆனாலும் அந்தத் தண்ணீர் சின்ன வயிற்றை நிரப்பி, குடிக்க வேண்டிய பாலைக் குறைத்துவிடும். தண்ணீரோ சங்கடையோ சுத்தமாக இல்லாவிட்டால் வயிற்றுப்போக்கு வரும். தாய்ப்பால் மட்டும் குடிக்கும் குழந்தை சில நாள் மலம் கழிக்காமல் இருப்பது உண்டு. நன்றாகக் குடித்து, சிறுநீர் சரியாகப் போய், மலம் இளக்கமாக இருந்தால் பெரும்பாலும் கவலைப்பட வேண்டியதில்லை. வயிறு உப்பினாலோ, வாந்தி எடுத்தாலோ, மலத்தில் ரத்தம் தெரிந்தாலோ மருத்துவரிடம் போங்கள்.

ஆறு மாதம் முதல் ஒரு வயதுவரை: மசியல்

தலை நிமிர்ந்து நின்று, பிடித்து உட்காரவைத்தால் உட்காரும் பிள்ளைக்குத் திட உணவு தொடங்கலாம். முதலில் குழைந்த சாதம், பருப்பு, காய்கறி, முட்டை. உலர் பழம் அவற்றோடு சேரும் துணைதான்.

செய்முறை எளிது. ஒரு பேரீச்சம்பழத்தைக் கழுவி, பிளந்து, கொட்டையையும் காம்பு மூடியையும் எடுத்துவிடுங்கள். உள்ளே புழுவோ கரும்பூஞ்சையோ இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பாருங்கள். பிறகு வேகவைத்துத் தோலை உரித்து, வடிகட்டியில் தேய்த்து எடுங்கள். அருவங்காடு கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,800 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த உயரத்தில் தண்ணீர் சுமார் 94 டிகிரி செல்சியஸிலேயே கொதித்துவிடும். ஆகவே சமவெளியில் இருக்கும் உறவினர் சொல்லும் நேரம் இங்கே போதாது. குக்கரில் சாதத்தோடு சிறு கிண்ணத்தில் வைத்தால் நன்றாகக் குழையும். விரலுக்கிடையில் நசுக்கினால் நார் தட்டாமல் இருப்பதே சரியான பதம்.

முதல் நாள் கால் டீஸ்பூன் போதும். கஞ்சியிலோ ராகிக் கூழிலோ கலந்து, பகலில் கொடுங்கள். ஒரு புதுப் பழம் கொடுத்தால் மூன்று நாள் கழித்தே அடுத்த புதுப் பழம். உடம்பில் தடிப்பு, முகவீக்கம், தொடர் வாந்தி, மூச்சிரைப்பு தெரிந்தால் நிறுத்திவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போங்கள். கிஸ்மிஸ், அத்தி, உலர் பிளம்ஸ் எல்லாவற்றுக்கும் இதே முறைதான். சர்க்கரையோ வெல்லமோ சேர்க்கத் தேவையில்லை.

ஒன்று முதல் நான்கு வயதுவரை: மெத்தென்று, பொடிப்பொடியாக

பல் முளைத்துவிட்டதே என்று முழு கிஸ்மிஸைக் கையில் கொடுக்கக் கூடாது. முன்பல் கடிக்க மட்டும்தான் உதவும். அரைப்பது கடைவாய்ப் பல். இரண்டாவது கடைவாய்ப் பற்கள் முளைக்க இரண்டு வயது, சிலருக்கு இரண்டரை வயதுகூட ஆகும். முளைத்த பிறகும் மென்று விழுங்கும் பழக்கம் மெதுவாகத்தான் வரும். பிசுபிசுப்பான பழம் தொண்டையில் ஒட்டிக்கொண்டால் இருமினாலும் எளிதில் வெளியே வராது.

ஆகவே 4 வயதுவரை ஊறவைத்து, பொடியாக நறுக்கிக் கொடுங்கள். 'ட்ரை ஃப்ரூட்ஸ்' பாக்கெட்டில் உள்ள பாதாம், முந்திரி, பிஸ்தாவை 5 வயதுவரை முழுதாகக் கொடுக்க வேண்டாம். நைசாகப் பொடித்துக் கஞ்சியில் கலக்கலாம். பிள்ளை உட்கார்ந்தே சாப்பிட வேண்டும், பக்கத்தில் பெரியவர் ஒருவர் இருக்க வேண்டும். ஓடும்போதும், சிரிக்கும்போதும், அழும்போதும், படுத்திருக்கும்போதும் வாயில் எதுவும் இருக்கக் கூடாது. கொண்டை ஊசி வளைவில் திரும்பும் பஸ்ஸில் அழுகையை நிறுத்தப் பேரீச்சம்பழம் கொடுப்பதும் வேண்டாம்.

இஃப்தார் விரிப்பில் கொட்டை நீக்கிய பழத்தை மட்டும் வையுங்கள். துப்பிய கொட்டைகளுக்கு மூடியுள்ள கிண்ணம் வையுங்கள். அக்காவும் அண்ணனும் பாசத்தில் தம்பிக்கு ஊட்டிவிடுவார்கள். அவர்களுக்கும் இதைச் சொல்லிவையுங்கள்.

ரத்தம் ஊறுமா?

2019-21 தேசிய குடும்பநல ஆய்வின்படி தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. பேரீச்சம்பழம் கொடுத்தால் ரத்தம் ஊறிவிடும் என்று பலர் நிம்மதியாக இருந்துவிடுகிறார்கள். ஒன்றிரண்டு பழத்தில் கிடைக்கும் இரும்புச்சத்து சொற்பம். அதிலும் உடம்பு எடுத்துக்கொள்வது ஒரு பகுதியைத்தான். நன்றாக வெந்த ஈரல், இறைச்சி, மீன், முட்டை, பருப்பு, கீரை ஆகியவைதான் கைகொடுக்கும். கூடவே சில துளி எலுமிச்சைச் சாறோ ஆரஞ்சோ சேர்ந்தால் இரும்புச்சத்து நன்றாகச் சேரும்.

தேயிலை விளையும் ஊர் நம்முடையது. குளிருக்கு இதமாக என்று குழந்தைக்கும் டீயில் பிஸ்கட் நனைத்துக் கொடுப்பது இங்கே சகஜம். டீயில் உள்ள டானின், உணவின் இரும்புச்சத்தை உடம்பில் சேரவிடாது. சிறு பிள்ளைக்கு டீ வேண்டவே வேண்டாம். அரசின் ரத்தசோகைத் தடுப்புத் திட்டத்தில் 6 மாதம் முதல் 5 வயதுவரை வாரம் இருமுறை இரும்புச்சத்து சிரப் தரப்படுகிறது. கிராம சுகாதார செவிலியரிடமோ அங்கன்வாடியிலோ கேளுங்கள்.

வாங்குவதும் வைப்பதும்

மலையின் ஈரக்காற்றில் உலர் பழம் சீக்கிரம் பூஞ்சை பிடிக்கும். கொஞ்சமாக வாங்கி, காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். பூஞ்சை தெரிந்தால் அந்த இடத்தை மட்டும் வெட்டிவிட்டுக் கொடுக்காதீர்கள். பழத்தையே தூக்கி எறியுங்கள். பளிச்சென்ற மஞ்சள் கிஸ்மிஸிலும் ஆரஞ்சு நிற ஆப்ரிகாட்டிலும் நிறம் மாறாமலிருக்க சல்ஃபர் டை ஆக்ஸைடு சேர்ப்பார்கள். இழுப்பு உள்ள பிள்ளைக்கு அது ஆகாமல் போகலாம். உலர் பழத்தின் எடையில் பாதிக்கு மேல் சர்க்கரை. அது பல்லில் ஒட்டி நிற்கும். ஆகவே நொறுக்குத் தீனியாக நாள் முழுக்கக் கொடுக்காமல் சாப்பாட்டோடு கொடுத்து, பல் துலக்கிவிடுங்கள். பிளம்ஸும் பேரிக்காயும் குன்னூர்ச் சந்தைக்கு வரும் காலத்தில், வேகவைத்து மசித்த புதுப்பழமே முதலிடம் பெறட்டும்.

சிக்கிக்கொண்டால்

சத்தமாக இருமினால் இருமவிடுங்கள். சத்தமே வராமல் உதடு நீலம் பாய்ந்தால் நொடியும் தாமதிக்கக் கூடாது.

ஒரு வயதுக்குட்பட்ட குழந்தையை முன்கையில் குப்புறப் படுக்கவைத்து, தலை தாழ்ந்திருக்க, தோள்பட்டைகளுக்கு நடுவே உள்ளங்கை அடியால் 5 முறை தட்டுங்கள். வராவிட்டால் மல்லாத்தி, நெஞ்செலும்பின் கீழ்ப்பாதியில் 5 முறை அழுத்துங்கள். ஒரு வயதைத் தாண்டிய பிள்ளையை முன்னால் சாய்த்து முதுகில் 5 முறை தட்டி, பிறகு பின்னாலிருந்து அணைத்துத் தொப்புளுக்கு மேலே உள்நோக்கி மேல்நோக்கி 5 முறை அழுத்துங்கள். வெளியே வரும்வரை இரண்டையும் மாற்றி மாற்றிச் செய்யுங்கள். கண்ணுக்குத் தெரியாத துண்டை விரல் விட்டுத் துழாவினால் அது இன்னும் உள்ளே போய்விடும். இன்னொருவர் 108-ஐ அழைக்கட்டும். பிள்ளை நினைவிழந்தால் 108-இல் சொல்கிறபடி நெஞ்சை அழுத்தும் முதலுதவியைத் தொடங்குங்கள்.

இருமல் நின்ற பிறகும் மூச்சில் விசில் சத்தம் கேட்டால், துண்டு மூச்சுக்குழாயில் தங்கியிருக்கலாம். குன்னூர் அரசு லாலி மருத்துவமனை போன்ற இடத்தில் உடனே காட்டுங்கள். அதை எடுக்கும் சிகிச்சைக்குக் கோயம்புத்தூர்வரை இறங்க நேரலாம். மலைப்பாதையில் ஒவ்வொரு நிமிடமும் பெரிது என்பதால், வருமுன் காப்பதே நமக்கு நல்லது.

வீட்டில் பேசிக்கொள்ள

1. நம் வீட்டில் 4 வயதுக்குட்பட்டவர்கள் யார்? அவர்கள் கைக்கு எட்டும் இடத்தில் பருப்பும் கொட்டையும் இருக்கிறதா?
2. பிள்ளைக்கு டீ கொடுக்கிறோமா? அதற்குப் பதில் என்ன கொடுக்கலாம்?
3. முதுகில் தட்டும் முதலுதவியை வீட்டில் எத்தனை பேர் அறிவார்கள்? யாரிடம் நேரில் கற்றுக்கொள்ளலாம்?

நம் பிள்ளைகள் அல்லாஹ் நம்மிடம் ஒப்படைத்த அமானிதம். அவர்களுக்கு அவன் நிறைந்த ஆரோக்கியத்தைத் தருவானாக. ஆமீன்.