சாவுக்கு என்ன விலை? பயோஷாக் நடத்தும் பாடம்



போன செமஸ்டர்ல ஒரு ராத்திரி. ஹாஸ்டல் ரூம்ல லைட்டை அணைச்சுட்டு, ஹெட்போன் மாட்டிக்கிட்டு, நண்பன் ஒருத்தன் பயோஷாக் ஆடிக்கிட்டு இருந்தான். பிக் டாடியோட காலடிச் சத்தம் 'தொம்... தொம்...'னு கேட்டதும் ஆள் நாற்காலியில கால் ரெண்டையும் தூக்கி வச்சுக்கிட்டான். அவ்வளவு பயம்!

மறுநாள் சாயங்காலம் எட்டிப் பார்த்தா, அதே ஆள், ஒரு கையில முறுக்கு, இன்னொரு கையில மவுஸ். அதே பிக் டாடியை வெறும் ரெஞ்சால அடிக்கிறான், சாகிறான், எழுந்து வர்றான், மறுபடி அடிக்கிறான். "என்னடா, பயமா இல்லையா?"ன்னு கேட்டேன். "செத்தா என்ன போச்சு மச்சி, பக்கத்துலதான் எழுந்திருப்பேன்"னான்.

ஒரே கேம், ஒரே இருட்டு, ஒரே சத்தம். ஒரு நாளைக்குள்ள பயம் மட்டும் எங்கே போச்சு? இந்தக் கட்டுரை முழுக்க இந்த ஒரு கேள்விக்குத்தான் பதில். கேம் ஆடுறவங்களுக்கும் பயன்படும். யூனிட்டியைத் திறந்து வச்சுக்கிட்டு 'நாமளும் ஒண்ணு பண்ணலாமா'ன்னு யோசிக்கிறவங்களுக்கு இன்னும் அதிகமாகவே பயன்படும்.

ஒரு எச்சரிக்கை: பயோஷாக்கின் முக்கியத் திருப்பங்கள் எல்லாம் கீழே வருது. இன்னும் ஆடாதவங்க முதல்ல ஆடி முடிச்சுட்டு வாங்க. கட்டுரை இங்கேயேதான் இருக்கும்.

1. நேற்று கண்ட நாளை

முதல்ல ரெட்ரோ-ஃபியூச்சரிசம்னா என்னன்னு பார்த்துடலாம். எளிமையா சொன்னா, பழைய காலத்து மனுஷங்க கற்பனை பண்ணின எதிர்காலம். நியான் எழுத்து, பித்தளைக் குழாய், வால்வு ரேடியோ எல்லாம் இருக்கும். ஆனா அந்த உலகத்துல மரபணுவையே மாத்துற ஊசியும் இருக்கும்.

2007 ஆகஸ்ட்ல வெளிவந்த பயோஷாக் இதுக்கு நல்ல உதாரணம். கென் லெவின் தலைமையில இர்ரேஷனல் கேம்ஸ் குழு உருவாக்கியது. கதை நடப்பது 1960-ல். நீங்க ஜாக். நீங்க வந்த விமானம் அட்லாண்டிக் கடல்ல விழுது. நீந்திப் போய் ஒரு கலங்கரை விளக்கத்துல ஏறினா, உள்ளே கடலடிக்கு இறங்குற கூண்டு. அது கொண்டுபோய் விடுற இடம் ரேப்சர் என்ற நகரம்.

அதைக் கட்டினவர் ஆண்ட்ரூ ரயன் என்ற தொழிலதிபர். அரசாங்கம் தலையிடக் கூடாது, மதம் குறுக்கே வரக் கூடாது, திறமைசாலியின் உழைப்பு அவனுக்கே சேரணும் என்பது அவர் கொள்கை. எழுத்தாளர் எய்ன் ராண்டின் சிந்தனையை லெவின் எடுத்து, அதை ஒரு நகரமாகக் கட்டி, உடைச்சும் காட்டியிருக்கார்.

இந்த வகைக் கேம்களுக்கு ஒரு வசதி உண்டு. சாதாரண அறிவியல் புனைகதையில 'இந்த எதிர்காலம் பலிக்குமா'ன்னு கேட்போம். இங்கே அந்தக் கனவு ஏற்கெனவே கண்டு முடிச்ச கனவு. அழகான ஆர்ட் டெகோ மண்டபத்துல கால் வைக்கும்போதே, கூரையிலிருந்து கடல் தண்ணி சொட்டுது. என்ன நடந்திருக்கும்னு மனசு தானாவே தேட ஆரம்பிச்சுடும்.

2. சுவர் சொல்லும் கதை

ரேப்சர்ல நீங்க போய்ச் சேரும்போது எல்லாம் முடிஞ்சு போச்சு. யாரும் உட்கார வச்சுக் கதை சொல்ல மாட்டாங்க. காஷ்மீர் என்ற உணவகத்துக்குள்ள போங்க. 1959 புத்தாண்டு வாழ்த்துத் தோரணம் இன்னும் தொங்குது. முகமூடிகள் கிடக்குது. மேசைகள் கவிழ்ந்து கிடக்குது. விருந்து நடந்துக்கிட்டு இருக்கும்போதே தாக்குதல் நடந்திருக்குன்னு ஒரு வசனம் இல்லாம புரிஞ்சுடும்.

இன்னொரு இடம். ஒரு பெண் குழந்தை வண்டி மேல குனிஞ்சு கொஞ்சிக்கிட்டு இருக்கா. முதல்ல சுவர்ல அவ நிழல்தான் தெரியும். அவளைத் தாண்டிப் போய் வண்டியைப் பார்த்தா, உள்ளே குழந்தை இல்லை, ஒரு துப்பாக்கி. உங்களுக்கு அந்தக் கேம் முதல் துப்பாக்கியைக் கொடுக்கிற விதமே இதுதான். அந்தப் பெண் எப்படிப்பட்ட நிலையில இருக்கா, அந்த ஊர் எப்படிப்பட்டது, உங்க கையில இப்போ என்ன இருக்கு, மூணும் ஒரே நொடியில.

ஃபர்ஸ்ட் பெர்சன் பார்வையின் பலமும் இதுதான். கேமராவைத் திருப்புறது நீங்க. எட்டிப் பார்த்தது நீங்க. அதனால கண்டுபிடிச்சதும் நீங்க. அங்கங்கே கிடக்கிற ஒலி நாட்குறிப்புகளும் அதே மாதிரிதான். தேடினவனுக்குக் கதை கிடைக்கும். ஓடினவனுக்கு சண்டை மட்டும் கிடைக்கும்.

3. சத்தமும் வெளிச்சமும் வெறும் அலங்காரமா?

பிக் டாடியை எடுத்துக்குவோம். பழைய ஆழ்கடல் முக்குளிப்பு உடை, கையில ராட்சத டிரில். அவன் காவல் காக்கிற சின்னப் பெண்தான் லிட்டில் சிஸ்டர். அவ பிணங்களிலிருந்து ஆடம் என்ற பொருளை ஊசியால் எடுப்பா. உங்க சக்திகளை வாங்க அந்த ஆடம்தான் காசு.

அவன் ஹெல்மெட் விளக்கைக் கவனிங்க. மஞ்சள்னா உங்களைக் கண்டுக்கலை. சிவப்புன்னா கோபம், ஓடுங்க. பச்சைன்னா உங்க பக்கம். காலடிச் சத்தம் அவன் எவ்வளவு தூரத்துல இருக்கான்னு சொல்லும். திரையில ஒரு மீட்டரும் போடாம, தேவையான தகவல் எல்லாத்தையும் சூழலே கொடுத்துடுது.

முக்கியமா, அவன் தானா வந்து தாக்க மாட்டான். சண்டையை ஆரம்பிக்கிறது எப்பவும் நீங்கதான். குண்டு எத்தனை இருக்கு, தரையில தண்ணி இருக்கா, மின்சாரம் பாய்ச்சலாமா, எண்ணெய் சிந்திக் கிடக்கா, தீ வைக்கலாமா? இந்தக் கணக்கு ஓடுற அந்த அரை நிமிஷம்தான் கேமின் உச்சக்கட்ட பயம். சண்டையை விட அதுக்கு முந்தின தயக்கம்தான் பயமுறுத்துது.

4. வீட்டா சேம்பர்: தெரிஞ்சுபோன கருணை

இப்போ நம்ம முறுக்கு நண்பனுக்கு வருவோம்.

நீங்க செத்தா பக்கத்துல இருக்கிற வீட்டா சேம்பர் என்ற கண்ணாடிக் கூண்டுல உயிரோட எழுந்திருப்பீங்க. அதுக்கு ஒரு பைசா செலவில்லை. அதைவிடப் பெரிய விஷயம், நீங்க பிக் டாடிக்கு ஏற்கெனவே கொடுத்த அடி அப்படியே இருக்கும். அவன் உயிர் மறுபடி நிரம்பாது. ஆக, பொறுமை இருந்தா ரெஞ்ச் போதும். முதல் நாள் தயங்க வச்ச அந்தக் கணக்கு, இரண்டாம் நாள் தேவையே இல்லாம போச்சு. கூடவே பயமும் போச்சு.

'அப்போ கேமைக் கஷ்டமாக்கினா சரியாப் போயிடுமே'ன்னு தோணும். அவசரப்படாதீங்க. 2017-ல கேம் வடிவமைப்பாளர்கள் பலர் தங்கள் கேம்ல ஒளிச்சு வச்ச தந்திரங்களை ட்விட்டர்ல வெளியே சொன்னாங்க. அப்போ பயோஷாக்கின் வடிவமைப்பாளர் பால் ஹெல்க்விஸ்ட் சொன்னது: கடைசிச் சொட்டு உயிரும் போக வேண்டிய அடி விழுந்தா, ஆள் சாகாம ஒன்றிரண்டு நொடி அடியே படாத நிலையில இருப்பான். 'மயிரிழையில தப்பிச்சேன்டா!'ன்னு நாம கத்தினது எல்லாம் அவங்க போட்ட பிச்சை!

பாருங்க, இதுவும் கருணைதான். வீட்டா சேம்பரும் கருணைதான். ஆனா ஒண்ணு பயத்தைக் கூட்டுது, இன்னொண்ணு குறைக்குது. காரணம், முதலாவது நமக்குத் தெரியாது. இரண்டாவது கண்ணாடிக் கூண்டா எதிரிலேயே நிக்குது. இதிலிருந்து நம்ம பாடத்தின் முதல் விதி: பயத்தைத் தீர்மானிக்கிறது நீங்க உண்மையில எவ்வளவு இழப்பீங்க என்பதல்ல, எவ்வளவு இழப்போம்னு நீங்க நம்புறீங்க என்பதுதான்.

அப்போ கண்ணுக்குத் தெரியிற கருணையே கூடாதா? கூடும். இதே குழு, லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோஸுடன் சேர்ந்து 1999-ல கொண்டுவந்த சிஸ்டம் ஷாக் 2-வைப் பாருங்க. அங்கேயும் செத்தவனை எழுப்புற இயந்திரம் உண்டு. ஆனா ஒவ்வொரு தளத்துலயும் அதை நீங்களே தேடிக் கண்டுபிடிச்சு இயக்கி வைக்கணும். அதுவரைக்கும் செத்தா செத்ததுதான். எழுந்தாலும் கையிலிருக்கிற நானைட்ல கொஞ்சம் கழிஞ்சுடும். போதாக்குறைக்குத் துப்பாக்கி தேய்ஞ்சு நடுவுல மக்கர் பண்ணும். கருணை இருக்கு, ஆனா சம்பாதிக்கணும். அதனால இயந்திரத்தைத் தேடுற நேரமும் கதையா மாறிடுது.

5. ஆடம் கணக்கு

இன்ஜினியரிங் பசங்க நாம, கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

பிக் டாடியை வீழ்த்தினதும் லிட்டில் சிஸ்டர் உங்க முன்னாடி நிப்பா. அவளைக் கொன்னா 160 ஆடம். காப்பாத்தினா 80. பேராசையா, இரக்கமா? கேமின் பெரிய தார்மீகக் கேள்வி இதுதான்.

ஆனா மூணு பேரைக் காப்பாத்தினா, நன்றிப் பரிசா 200 ஆடம் ஒரு பொட்டலத்துல வரும். இப்போ மூணு மூணாக் கணக்குப் போடுங்க. கொன்னா 160 × 3 = 480. காப்பாத்தினா 80 × 3 + 200 = 440. வித்தியாசம் வெறும் 40. கேம் முழுக்க உள்ள 21 பேருக்கும் சேர்த்தா 3360-க்கு 3080. சுமார் 8 சதவீதம்தான் குறையுது. பரிசோட வேற சில பொருட்களும் வரும் என்பதால அந்தக் குறையும் பெரிசாத் தெரியாது.

அப்போ அந்தத் தேர்வு போலியா? இங்கேயும் நம்ம விதியைப் போட்டுப் பாருங்க. முதல் தடவை ஆடுறவனுக்குப் பரிசு வரப் போறது தெரியாது. பாதி ஆடத்தை இழக்கிறோம்னு நம்பித்தான் அந்தக் குழந்தையை விடுறான். அந்த நிமிஷம் நிஜம். ரகசியம் தெரிஞ்ச பிறகு இரக்கம், வட்டியோட திரும்பி வர்ற டெபாசிட் மாதிரி ஆயிடுது.

அதே 2007-ல கிளின்ட் ஹாக்கிங் என்ற கேம் வடிவமைப்பாளர் பயோஷாக்கை விமர்சிச்சு எழுதினார். விதிகள் ஒண்ணு சொல்ல, கதை வேறொண்ணு சொல்லுதுன்னு குறை சொன்னார். லிட்டில் சிஸ்டர் விஷயத்துல 'உன் சுயநலத்தைப் பார்'னு விதி சொல்லுது. ஆனா ரேடியோவில பேசுற அட்லஸுக்கு நீ உதவித்தான் ஆகணும், கதையில வேற வழி இல்லை. இந்த முரண்பாட்டுக்கு அவர் வச்ச பேர்தான் லூடோநரேட்டிவ் டிஸ்ஸொனன்ஸ். இன்னிக்கும் கேம் பத்திப் பேசுறவங்க வாயில இருந்து விழுற சொல் அது.

6. தயவு செஞ்சு...

ஆனா பயோஷாக் ஒரு இடத்துல விதியையும் கதையையும் ஒண்ணாக் கட்டிடுது. அட்லஸ் வேலை சொல்லும்போது பல தடவை 'தயவு செஞ்சு'ன்ற மாதிரி ஒரு மரியாதைச் சொல்லைச் சேர்த்துப் பேசுவான். நாமளும் நல்ல பிள்ளையா அம்புக்குறி காட்டுற பக்கம் போவோம். ரயன் அறைக்குள்ள போனதும்தான் தெரியும், அந்தச் சொல் ஜாக்கின் மனசுல பதிச்சு வச்ச சாவி. கேட்டா கீழ்ப்படிஞ்சே ஆகணும். அந்த இடத்துல கேம் உங்க கையிலிருந்து கட்டுப்பாட்டைப் பிடுங்கிக்குது. 'ஃபர்ஸ்ட் பெர்சன் கேம்னா சொன்னதைச் செய்யணும்'னு நாம யோசிக்காம ஏத்துக்கிட்ட பழக்கமே கதையின் முடிச்சு.

இன்னொண்ணு தெரியுமா? வீட்டா சேம்பருக்கும் அங்கே பதில் இருக்கு. அது ரயனின் மரபணுவுக்கு வேலை செய்யிற இயந்திரம். ஜாக் அவர் ரத்தம். அதனாலதான் ஊர்ல மத்தவன் எல்லாம் செத்துக் கிடக்க, நீங்க மட்டும் எழுந்துக்கிட்டே இருந்தீங்க. நாம 'ஈஸியா இருக்கே'ன்னு நினைச்ச விதி, முதல்லேர்ந்து கண் முன்னாடி இருந்த தடயம்!

ரயன் அறையிலும் ஒரு வீட்டா சேம்பர் இருக்கு. போனா கவனிச்சுப் பாருங்க. அது அணைஞ்சு கிடக்கும். தன் சாவுக்கு ஒரு விலை இருக்கணும்னு நினைச்ச மனுஷன் அவர்.

7. வீட்டுப்பாடம்

கேம் வெளிவந்த பிறகு, வீட்டா சேம்பரை அணைக்கிற வசதியை அப்டேட்ல கொடுத்தாங்க. பழைய கேம்தான், நம்ம லேப்டாப்லயும் ஓடும். இந்தச் சோதனையைச் செஞ்சு பாருங்க.

மெடிக்கல் பெவிலியன் என்ற பகுதியை இரண்டு முறை ஆடுங்க. முதல் முறை வீட்டா சேம்பரோட. அடுத்த முறை அதை அணைச்சுட்டு, பகுதிக்குள்ள நுழையும்போது மட்டும் ஒரு சேவ். இந்த நிபந்தனை முக்கியம். பத்து அடிக்கு ஒரு முறை சேவ் பண்ணினா அது உங்க சட்டைப்பையில இருக்கிற வீட்டா சேம்பர்தான். ஒவ்வொரு முறையும் மூலையில நின்னு எட்டிப் பார்த்தது எத்தனை தடவை, குண்டை எண்ணினது எத்தனை தடவை, நாட்குறிப்பை நின்னு கேட்டது எத்தனைன்னு ஒரு தாள்ல குறிங்க.

ஒரே இடத்துல பத்து தடவை செத்தீங்கன்னா அதையும் குறிங்க. பதினோராவது தடவை அந்த இருட்டு அறை உங்க வகுப்பறை மாதிரி பழகிப் போயிருக்கும். கஷ்டம் கூடினாலும் சூழல் சாகும். ரெண்டுக்கும் நடுவுல எங்கேயோதான் அந்தப் பயம் குடியிருக்கு.

அடுத்த கேம் ஜாம்ல ஈஸி, ஹார்டுன்னு எதிரியோட உயிரை இரட்டிப்பாக்கி வேலையை முடிக்கிறதுக்கு முன்னாடி இதை மட்டும் கேளுங்க: என் கேம்ல செத்தா ஆடுறவன் எதை இழக்கிறதா நம்புறான்? அந்த இழப்பு என் கதைக்குள்ள எங்கே இருக்கு? பதில் கிடைச்சுட்டா, லைட்டை நீங்க அணைக்க வேண்டியதே இல்லை. ஆடுறவன் பகல்லயே முறுக்கைக் கீழ வச்சுடுவான்.