வான்வழியும் காலமும்

கொங்கு நாட்டின் பெருநகரம் கோயம்புத்தூர். அதன் விமான நிலையம் பீளமேட்டில் அமைந்துள்ளது. அங்கிருந்து சென்னை மீனம்பாக்கத்திற்குச் சாலைவழி ஏறத்தாழ 500 கிலோமீட்டர். மலைகளையும் ஊர்களையும் ஒட்டி அச்சாலை வளைந்து செல்லும். வானில் அத்தடைகள் இல்லை. ஆதலால் நேர்த்தொலைவு ஏறத்தாழ 400 கிலோமீட்டரே ஆகும்.

மணிக்கு 800 கிலோமீட்டர் விரையும் விமானம் இதனை அரை மணியில் கடந்துவிடும் என மாணவர் கணக்கிடலாம். ஆயினும் கால அட்டவணையில் பயண நேரம் ஒரு மணிக்குச் சற்று மிகுதியாகவே குறிக்கப்பெறும். காரணம் யாது? விமானம் முதலில் தரையில் ஊர்ந்து ஓடுபாதையை அடைதல் வேண்டும். பின்னர்ப் படிப்படியாக மேலெழுதல் வேண்டும். சேருமிடத்திற்கு வெகுதொலைவிலேயே வேகம் தணிந்து இறங்கத் தொடங்குதல் வேண்டும். முழு வேகத்தில் பறக்கும் நேரம் சிறிதே.

2023ஆம் ஆண்டில் தொடங்கப்பெற்ற வந்தே பாரத் தொடர்வண்டிக்கும் இவ்விரு நகரங்களுக்கிடையே ஏறத்தாழ ஆறு மணி நேரம் வேண்டும். மூளைச்சாவு அடைந்தவரிடமிருந்து கொடையாகப் பெற்ற இதயத்தையோ ஏறத்தாழ நான்கு மணி நேரத்திற்குள் நோயாளிக்குப் பொருத்துதல் வேண்டும். கோவையில் பெற்ற இதயம் சென்னையில் ஒருவரை வாழ்விக்க வான்வழியே துணைபுரிகிறது. அங்கே ஒவ்வொரு நிமிடமும் உயிரின் மதிப்புடையது.